முப்பத்தேழரை டிகிரி

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வேலைக்குப் போகிற இடங்களில் எல்லாருக்கும் அவள் ‘பேனல் அக்கா’. இரும்புப் பெட்டிக்குள் கம்பிகளும் சின்னச் சின்ன விளக்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமே, அந்தப் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு மடியில் லேப்டாப்போடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அந்தத் தொழிற்பேட்டையில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நாற்பத்து நான்கு வயது. ஒல்லி. கொண்டையில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பாள். மறதியில் அப்படியே ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, புது மாதிரி ஹேர்பின் என்று நினைத்து இரண்டு பேர் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள். அவளும் விடாமல் கடையின் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்தொன்பது வயதில் ஒரு பட்டறையில் கம்பி நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பேனலுக்குள் போகும் ஒவ்வொரு கம்பிக்கும் நம்பர் மாட்டி, முனையை நசுக்கி, திருகி முடுக்க வேண்டும். அதை நான்கு வருடம் செய்தாள். ஒருநாள் பாட்டில் நிரப்பும் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன் பட்டறை முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டான். பாட்டில்கள் வரிசையாக வந்து வரிசையாகவே கீழே விழுந்தன. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, “நான் வேணா பார்க்கட்டுமா சார்?” என்றாள். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தப் பாதைகளைத்தான் கம்பியே இல்லாமல் திரையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. மூன்றாம் நாள் பாட்டில்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. அதன்பிறகு அவள் கம்பி நறுக்கவில்லை.

அவள் கணவர் பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில், “அப்படி என்னதான் எழுதுறே அந்தப் பெட்டிக்கு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லைங்க. குளிக்கும்போது தண்ணி ரொம்பச் சுட்டா பச்சைத்தண்ணி விடுறோம். ஆறிப்போனா சுடுதண்ணி விடுறோம். கை தொட்டுப் பார்க்குது, மூளை சொல்லுது, கை குழாயைத் திருகுது, மறுபடி தொட்டுப் பார்க்குது. அதையேதான் பெட்டியும் செய்யுது. செஞ்சதையெல்லாம் நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதியும் வச்சுக்குது.”

“அப்போ நான் ஸ்டியரிங் பிடிக்கிறதும் அதே வேலைதானே?”

“அதேதான். நீங்க எழுதி வைக்கிறதில்லை, அவ்வளவுதான்.”

“எழுதி வச்சா என் வேலை போயிடும்டி” என்றார் அவர்.

இவர்கள் இருவரோடு கணவரின் தங்கையும் அதே வீட்டில் இருந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். வாய் மட்டும் ஊருக்கே சேர்த்துப் பேசும். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் வாராமல் ஒரு வேளைச் சாப்பாடும் முடியாது.

அக்காவின் கையில் பதினைந்து இருபது இடங்கள் இருந்தன. சோப்புத் தொழிற்சாலை, அட்டைப்பெட்டி ஆலை, ஐஸ் கட்டி போடும் இடம். அதில் அவளுக்குச் செல்லமானது ஒரு குஞ்சு பொரிப்பகம். ஆறு பெரிய மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள். இருபத்தொரு நாளும் சூடு முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். கோழி உட்கார்ந்து செய்கிற வேலையைப் பெட்டி செய்ய வேண்டும். அக்காவின் புரோகிராம் சூட்டைப் பார்க்கும், குறைந்தால் ஹீட்டரைக் கூட்டும், ஏறினால் தணிக்கும், ஈரம் குறைந்தால் தண்ணீர் தெளிக்கும். சூடு எவ்வளவு, ஹீட்டர் எவ்வளவு உழைத்தது, கதவு எப்போது திறந்தது, யார் எந்த எண்ணை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். அவள் பெட்டி வைத்த பிறகு நூறு முட்டைக்கு எண்பத்தைந்து குஞ்சு நிச்சயம் என்று ஆயிற்று. முதலாளியம்மா அந்தச் சூட்டுப் பதிவின் வரைபடத்தை அச்செடுத்துத் தன் அறையில் மாட்டியே வைத்துவிட்டார். ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு நேர்க்கோடு.

ஒருநாள் முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தது.

“நாலாம் நம்பர் மெஷின்ல ரெண்டு மாசமா குஞ்சு குறையுதும்மா. எண்பத்தஞ்சு வந்த இடத்துல அறுபத்திரண்டு. சூட்டுல ஒரு குறையும் இல்லை, கோடு நேரா போகுது. ஆனா கதவுப் பதிவைப் பார்த்தேன். நம்மாளு ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை திறந்து விட்டிருக்கான். நீ வந்து ஒரு பூட்டுப் போட்டுக் கொடு.”

நம்மாள் என்றது மெஷின் அறையைப் பார்த்துக்கொண்டவரை. எல்லாரும் ‘குஞ்சுக்காரர்’ என்பார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அதற்குள்ளிருந்து வருகிற குரலோ, பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

அக்கா போனபோது அவர் நாலாம் மெஷின் முன்னால் ஒரு முட்டையைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, இமைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி கதவைத் திறக்கிறீங்க?”

“சுடுது அக்கா. மேல் தட்டெல்லாம் சுடுது. கொஞ்சம் காத்தாடட்டும்னு…”

அக்கா பேனல் திரையைக் காட்டினாள். முப்பத்தேழு புள்ளி ஐந்து. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தேழு புள்ளி ஆறாகி, உடனே ஐந்துக்குத் திரும்பியது.

“பார்த்தீங்களா? பத்துல ஒரு பங்கு நகர்ந்தாலே அது பிடிச்சுடுது. இமைக்கு அவ்வளவு தெரியுமா?”

அவர் திரையைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். பிறகு முட்டையைப் பத்திரமாகத் தட்டில் வைத்துவிட்டு, “சரி அக்கா” என்றார்.

பூட்டு மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாளியம்மாவின் சாவி இல்லாமல் நாலாம் மெஷின் கதவு திறக்காது என்று நான்கு வரி எழுதினாள். திறக்க முயன்றால் மணி அடிக்கும் என்று இன்னும் இரண்டு வரி. சுத்தமான வேலை. கிளம்பும்போது குஞ்சுக்காரரைத் தட்டு கழுவுமிடத்துக்கு மாற்றிவிட்டதாக முதலாளியம்மா சொன்னார். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதிவில் இருப்பது பதிவில் இருப்பதுதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போன்.

“கதவு ஒரு தடவைகூடத் திறக்கலை. இந்தத் தடவை நாற்பத்தெட்டு” என்றார் முதலாளியம்மா. “வந்த குஞ்சும் துவண்டு துவண்டு விழுது. என்னம்மா இது?”

அக்காவுக்குப் புரியவில்லை. பதிவு முழுவதையும் வாங்கி லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஊற்றி வைத்த டீ ஆடை கட்டியது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நைட் டியூட்டி முடித்து வந்த நாத்தனார் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி, “யாருக்கு அண்ணி உடம்பு சரியில்லை? இப்படி முறைச்சுப் பார்க்கிறீங்க?” என்றாள்.

“நாலாம் நம்பருக்கு. சூடு சரியாத்தான் இருக்கு. குஞ்சுதான் செத்துப்போகுது.”

“சூடு சரியா இருக்குன்னு யார் சொன்னா?”

“சென்சார் சொல்லுது.”

நாத்தனார் மென்றுகொண்டே சொன்னாள்: “வார்டுல புதுசா வர்ற பொண்ணுங்களும் இப்படித்தான். நோயாளிக்கு முகம் செவந்து கண்ணு எரியுது, போர்வையை உதறுறாரு. இது போய் வாயில தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்துட்டு, ‘நார்மல் சிஸ்டர்’னு எழுதிட்டு வரும். ஏண்டி, ஆளைப் பாரு, அப்புறம் வேற தெர்மாமீட்டரை எடுத்துட்டு வான்னு திட்டுவேன்.”

அக்காவின் கை அப்படியே நின்றது.

சென்சார் ஒரு டிகிரி குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? பெட்டி அதை நம்பும். குறைகிறதே என்று ஹீட்டரைக் கூட்டும். சென்சார் முப்பத்தேழரை என்று சொல்லும்வரை கூட்டிக்கொண்டே போகும். அப்போது உள்ளே உண்மையில் முப்பத்தெட்டரை இருக்கும். பதிவிலோ கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக ஓடும். கோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வேறு எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? ஹீட்டர். யாரும் திருப்பிப் பார்க்காத அந்த ஹீட்டர் பகுதியைத் திறந்தாள். மற்ற ஐந்து மெஷின்களிலும் ஹீட்டர் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு என்று நிதானமாக வேலை செய்திருந்தது. நாலாவதில் முப்பது. கதவே திறக்காத ஒரு பெட்டி ஏன் மற்றவற்றைவிட இவ்வளவு அதிகமாக உழைக்க வேண்டும்?

“அண்ணி, எங்கே கிளம்பிட்டீங்க? டீ?”

“நீயே குடி!”

பொரிப்பகத்தில் அன்று காவலாளி மட்டும்தான். முதலாளியம்மா அவரிடம் விட்டுப்போயிருந்த சாவியை வாங்கி, சரிபார்ப்பதற்கென்றே அவள் பையில் வைத்திருக்கும் நல்ல தெர்மாமீட்டரை நாலாம் மெஷின் உள்ளே தொங்கவிட்டாள். திரையில் முப்பத்தேழு புள்ளி ஐந்து. கால் மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை எடுத்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஐந்தைத் தாண்டி ஒரு முடி அளவு நின்றது.

சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் புரோகிராமைத் திறந்தாள். வருடாவருடம் அவள்தான் ஒவ்வொரு சென்சாரையும் சரிபார்த்து, அது காட்டும் குறையைத் திருத்த ஓர் எண்ணைப் போடுவாள். இந்த வருடம் நாலாம் நம்பர் சென்சார் அரை டிகிரி குறைத்துக் காட்டியது. அது அவளுடைய சர்வீஸ் நோட்டிலேயே இருந்தது. அப்படியென்றால் அரையைக் கூட்ட வேண்டும். புரோகிராமில் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது.

கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தாள். அரைக் குறை ஒரு டிகிரிக் குறையாகிவிட்டது.

அந்த நாளும் நினைவுக்கு வந்தது. ஐஸ் கட்டித் தொழிற்சாலை நின்றுபோய்விட்டது என்று போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. போட்ட எண்ணை இன்னொரு முறை தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரே ஒரு முறை.

முக்காலியில் உட்கார்ந்தாள். மெஷின்களுக்குள் காற்றாடிகள் சுற்றும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. குறியை மாற்றினாள், அது ஒரு நொடி வேலை. ‘சென்சார் பழுது, மாற்றியாச்சு’ என்று நோட்டில் எழுதினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சென்சாரா வாய் திறந்து பேசும்? யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு மட்டும் இருக்கிறது. அதை எழுத வைத்தவளும் அவளே, அழிக்கத் தெரிந்தவளும் அவளே. கை விசைப்பலகைமேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் சமயம் நாலாம் மெஷின் கதவிலிருந்த பூட்டு கண்ணில் பட்டது. எவ்வளவு நேர்த்தியாக மாட்டியிருக்கிறாள்! அவள் மாட்டியதிலேயே அழகான பூட்டு அதுதான் போல.

முதலில் அந்தப் பூட்டைக் கழற்றினாள். பிறகு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள்.

“சென்சார் கெட்டுப்போச்சா?” என்றார் அவர்.

“இல்லைம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குறி, அவசரம், மறுபடி பார்க்காதது, எல்லாம். “குஞ்சுக்காரர் சுடுதுன்னு சொன்னது நிஜம். அவர் கதவைத் திறந்து திறந்து விட்டதாலதான் அறுபத்திரண்டாவது வந்துச்சு. அவரை வெளியே அனுப்பினதும் நாற்பத்தெட்டுக்கு இறங்கிடுச்சு. பதிவே அப்படித்தான் சொல்லுது. நமக்குத்தான் படிக்கத் தெரியலை.”

முதலாளியம்மா நேராகக் கேட்டார்.

“இதுக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கிட்டா தப்பா?”

“தப்பே இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி அவரைத் திரும்ப உள்ளே கூப்பிடுங்கம்மா.”

“யோசிக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கா நேராகத் தட்டு கழுவும் இடத்துக்குப் போனாள். குஞ்சுக்காரர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். முகத்தில் புதுக் கண்ணாடி. ஆவி படிந்து கண்ணே தெரியவில்லை. அவள் ஏதோ சொல்ல, அவருக்குக் கேட்காமல் “ஆ?” என்றார். குழாயை மூடச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஒருமுறை சொல்வதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாம் முறை குரல் உடைந்தே போயிற்று.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“எவ்வளவு அக்கா அதிகம்?”

“ஒரு டிகிரி. ஒண்ணுக்கு மேல ஒரு துளி.”

“நான் ஒண்ணரை இருக்கும்னு நினைச்சேன்” என்றார், ஏதோ தன் பக்கம் கொஞ்சம் தப்பு இருப்பது போல.

“தம்பி, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. இப்படிச் சாதுவா நிக்காதீங்க.”

“திட்ட என்ன இருக்கு? நீங்க காட்டின நம்பரைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பத்து வருஷமா இமையில வச்சுப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. சரி, கண்ணுல ஏதோ கோளாறு போலன்னு கண் டாக்டர்கிட்ட போனேன்.”

“போனீங்களா?”

“இமையில சூடு தெரியலை டாக்டர்னேன். அவர் எழுத்தைப் படின்னார். கடைசி வரி தெரியலை. கண்ணாடி எழுதிக் கொடுத்துட்டார்.” சற்று நிறுத்தி, “இப்போ தூரத்துல வர்ற பஸ் நம்பர்லாம் நல்லாத் தெரியுது” என்றார்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள். அவர் பதறிப்போய், பக்கத்தில் கிடந்த ஒரு சுத்தமான தட்டைக் கவிழ்த்துப் போட்டு, “உட்காருங்க அக்கா, உட்காருங்க” என்றார்.

முதலாளியம்மா அன்று மாலையே அவரை மெஷின் அறைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் பார்க்க, “நான் உன்னைக் கேட்டிருக்கணும்” என்று ஒரே ஒரு வரி சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. அக்காவிடம் மட்டும் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் போன் செய்து, “வேற ஆளு ஒருத்தன் வந்து பார்த்தான். உன் புரோகிராமைப் படிக்கவே அவனுக்கு ஒரு மாசம் ஆகுமாம். நீயே வந்து தொலை” என்றார்.

அக்கா போய் மூன்று காரியம் செய்தாள். ஒவ்வொரு மெஷினிலும் இரண்டாவது சென்சார் வைத்தாள். இரண்டும் முரண்பட்டால் மணி அடிக்கும். ஹீட்டர் வழக்கத்தைவிட அதிகமாக உழைத்தாலும் மணி அடிக்கும். மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் பொத்தான் வைத்தாள். அங்கே நிற்கிற ஆளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் அழுத்தலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழுத்திய நேரம் பதிவில் ஏறும். சூடு, ஈரம், ஹீட்டர், கதவு என்ற வரிசையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்து ‘ஆள் சொன்னது’ என்று தலைப்பிட்டாள். வரைபடத்தில் அது சூட்டுக் கோட்டின்மேலேயே ஒரு புள்ளியாகத் தெரியும். கோட்டைப் பார்க்கிறவர்கள் புள்ளியைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

முதல் வாரம் பொத்தான் நாற்பத்தொரு முறை அழுத்தப்பட்டிருந்தது. அக்கா பதறிப்போய்ப் போன் செய்தாள்.

“ஒண்ணுமில்லை அக்கா” என்றார் குஞ்சுக்காரர், குரல் இன்னும் இறங்கி. “வீட்டுல இருந்து வந்திருந்தாங்க. பசங்களுக்குக் காட்டினேன்.”

இரண்டாம் வாரத்தில் இரண்டாம் மெஷினில் ஒரே ஒரு முறை. எல்லா எண்களும் சரியாகத்தான் இருந்தன. அக்கா போய்க் காற்றாடியைக் கழற்றிப் பார்த்தபோது பெல்ட் ஓரமாகக் கிழிந்து, அறுந்துபோகத் தயாராக இருந்தது. “சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு” என்றார் அவர்.

நாலாம் மெஷினில் வைத்த புது முட்டைகளுக்கு இருபத்தொன்றாம் நாள் வந்தது. “அக்கா, பத்து வருஷமா வர்றீங்க, ஒரு தடவைகூடப் பொரிக்கிறதைப் பார்த்ததில்லையே” என்று குஞ்சுக்காரர் கூப்பிட்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். பேனலுக்கு வருவாள், பேனலை மூடுவாள், போய்விடுவாள். அன்று நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் வெதுவெதுப்போடு ஒரு கீச்சுச் சத்தம் அலையாக வந்து முகத்தில் மோதியது. தட்டு முழுக்க உடைந்த ஓடு. நடுவே ஈரம் காயாத மஞ்சள் பந்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன.

“அம்மாடி! எங்க பிரசவ வார்டுல ஒரே நேரத்துல மூணு பிறந்தாலே நாங்க தலைதெறிக்க ஓடுவோம்” என்றாள் நாத்தனார். “இதுக்கெல்லாம் சிஸ்டர் நீங்க ஒருத்தர்தானா?”

குஞ்சுக்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒரு குஞ்சை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது விரல்களில் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளின் கையில் அது சத்தமில்லாமல் எச்சமிட்டது.

“நல்லா இருக்குன்னு அர்த்தம் அக்கா” என்றார் அவர்.

அன்று மாலை எண்ணி முடித்தபோது நூற்றுக்கு எண்பத்தாறு.

இப்போதும் அக்காதான் அங்கே வருடாந்திர சர்வீஸ் பார்க்கிறாள். ஆனால் திருத்த எண்களை அவள் தனியாகப் போடுவதில்லை. குஞ்சுக்காரர் பக்கத்தில் நின்று தெர்மாமீட்டரைப் பார்த்து வாசிப்பார். அவள் திரையைப் பார்த்துத் திரும்பச் சொல்வாள். கூட்டலா கழித்தலா என்று இரண்டு பேரும் ஒவ்வொரு மெஷினுக்கும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். ஆறு மெஷின் முடிய அரை நாள் ஆகிறது. அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் அக்கா எடுப்பதில்லை. ஐஸ் கட்டிக்காரர் அதற்காக அவளிடம் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.